எல்லாக் கட்டங்களையும் நிரப்பியவர்

என் வீட்டுக்காரர் லிஃப்ட் மெக்கானிக். பயந்த சுபாவம். அதை அவர் ஒளித்ததும் இல்லை, நான் சொல்லிக் காட்டாமல் விட்டதும் இல்லை. தெருவில் நாய் படுத்திருந்தால் எதிர் ஓரத்துக்குப் போய்விடுவார். முத்திரை குத்திய கடிதம் எதுவும் வந்தால் என்னைப் பிரிக்கச் சொல்லிவிட்டுக் குளியலறைக்குள் போய் நின்றுகொள்வார். ஆனால் இருபது மாடிக் கட்டடத்தில், லிஃப்ட் கூண்டின் கூரைமேல் ஏறி நின்று கம்பி வடத்தைத் தடவிப் பார்க்கிற வேலைக்கு முப்பது வருஷமாகப் போய் வருகிறார். அங்கே மட்டும் பயம் வராதா என்று கேட்டேன் ஒருநாள். "பயம் இருக்கறவன்தான் அங்க ஏறணும். இல்லாதவன் ஏறினா கீழ நிக்கறவங்க செத்துப்போவாங்க" என்றார்.

மாதாமாதம் ஒவ்வொரு லிஃப்டுக்கும் ஒரு பரிசோதனைத் தாள் உண்டு. அதில் முப்பத்தெட்டுக் கட்டங்கள். மற்ற மெக்கானிக்குகள் டீக்கடையில் உட்கார்ந்தபடியே எல்லாவற்றிலும் டிக் போட்டுவிட்டு வந்துவிடுவார்கள். இவர் ஒவ்வொன்றையும் கண்ணால் பார்த்த பிறகுதான் எழுதுவார், ஒரு கட்டத்தையும் காலியாக விடமாட்டார். 'குறிப்பு' என்று ஒரு கட்டம் கடைசியில் இருக்கும். அதிலும் 'குறிப்பு ஒன்றுமில்லை' என்று எழுதி வைப்பார். கம்பெனியில் அவருக்குப் பெயரே 'கட்டம்'தான். இந்தப் பழக்கம்தான் ஒருநாள் எங்கள் குடியைக் கெடுக்கப் பார்த்தது.

எங்களுக்கு ஒரே பெண். பதினாறு வயதாகியும் பாப்பா என்றுதான் கூப்பிடுகிறோம். அவள் எங்களுக்குப் பிறந்தவள் இல்லை. வேறு ஊரில் இருந்தபோது, அரசு ஆஸ்பத்திரியில் கல்யாணமாகாத ஒரு பெண் பெற்று விட்டுப்போன குழந்தை. பதினோரு நாள் வயதில் முறைப்படி தத்தெடுத்தோம். அந்த வருஷமே இந்த ஊருக்கு வந்துவிட்டோம். இங்கே எங்கள் சபைப் போதகர் ஐயாவைத் தவிர யாருக்கும் தெரியாது, பாப்பாவுக்கும் தெரியாது. ஐந்து வயதில் சொல்லலாம் என்றோம், குழந்தைக்கு என்ன புரியும் என்று விட்டோம். பத்து வயதில் சொல்லலாம் என்றோம், அப்போது அவளுக்கு டைஃபாய்டு. அப்புறம் பரீட்சை, அப்புறம் இன்னொரு பரீட்சை. இதில் அவர்தான் கோழை என்று சொல்ல எனக்கு வாயில்லை. அவர் பேச்செடுத்தபோதெல்லாம் மேசைக்கடியில் காலை மிதித்தவள் நான்தான்.

எங்கள் சபை பெரிதொன்றுமில்லை. பெயின்ட் கடைக்கு மேலே, இரண்டாம் மாடியில் ஒரு ஹால். நாற்பது குடும்பம். மழை பெய்தால் ஜன்னலோர நாற்காலிகளை நடுவே இழுத்துப் போட்டுக்கொள்வோம். பாப்பா மேடை ஓரத்தில் உட்கார்ந்து கீபோர்டு வாசிப்பாள். சபைக் காரியங்களை நடத்துகிற மூப்பர்கள் மூன்று பேர்: மருந்துக்கடைக்காரர், ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார், மூன்றாவது என் வீட்டுக்காரர். வாசல் கதவும் சாவியும் இவர் பொறுப்பு.

எங்களுக்கென்று ஒரு வழக்கம் இருந்தது. அப்பமும் ரசமும் பகிர்கிற திருவிருந்துக்கு முந்தின சனிக்கிழமை, மனதை அழுத்துகிற விஷயத்தை ஒரு சீட்டில் பெயர் போடாமல் எழுதித் தகரப் பெட்டியில் போடுவோம். போதகர் ஐயா அதைப் பிரிக்காமலே மொட்டைமாடிக்கு எடுத்துப் போய், இரும்புச் சட்டியில் கொட்டி எரிப்பார். சுற்றி நின்று பார்ப்போம். என் வீட்டுக்காரர் வருஷக்கணக்காக ஒரே வரியைத்தான் எழுதினார்: 'பிள்ளையிடம் இன்னும் சொல்லவில்லை.' எழுத்துப் பிழை இருக்கிறதா என்று என்னிடம் காட்டிவிட்டுத்தான் மடிப்பார்.

போன வருஷம் போதகர் ஐயாவைப் பக்கவாதம் படுக்கையில் தள்ளிவிட்டது. பேச்சும் போய்விட்டது. அவருக்குப் பதிலாக வந்தவரைச் சபையில் 'பெரிய பிரதர்' என்றார்கள். நான் என் மனதுக்குள் வைத்த பெயர் அளவுகோல். முதல் மாதம் அவர் பேச்சில் தேன் ஒழுகியது. இரண்டாம் மாதம் சுவரில் ஒரு கண்ணாடிச் சட்டம் தொங்கியது, அதற்குள் நாற்பது விதிகள். கடவுளே பத்துக் கட்டளையோடு நிறுத்திக்கொண்டார், இவருக்கு அது போதவில்லை. என்ன சாப்பிடலாம், பாவாடை எங்கே முடியலாம், ஓய்வுநாளில் எத்தனை தூரம் நடக்கலாம் என்று எல்லாம் எழுதியிருந்தது. "கிருபை உங்களை வாசல் வரைக்கும்தான் கொண்டுவரும். உள்ள வரணும்னா இதைக் கைக்கொள்ளணும்" என்பார். குரலை உயர்த்தவே மாட்டார். கத்துகிறவனைத் திருப்பிக் கத்தலாம். அந்த மெதுவான குரலுக்கு என்ன செய்ய முடியும்? நாங்கள் தலையாட்டினோம்.

முதலில் மாட்டியது சலவைக்கடை அம்மா. ஆஸ்பத்திரிப் படுக்கை விரிப்புகள் ஞாயிற்றுக்கிழமையும் அவர் கடைக்கு வரும், வெளுத்துத்தான் ஆகவேண்டும். ஓய்வுநாளில் வேலை செய்யக் கூடாது என்ற பதினாறாம் விதிப்படி நான்கு வாரம் வெளியே நிற்கச் சொன்னார் பெரிய பிரதர். இரண்டாம் வாரமே அந்த அம்மா படியேறி வந்து, "உள்ள ஒரு ஓரமா உக்காந்துக்கறேனே பிரதர்" என்றார். என் வீட்டுக்காரர், "அடுத்த மாசம் வாங்கம்மா" என்று சொல்லிக் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டார். அன்றைக்கு வீட்டுக்கு வந்து சாப்பிடவில்லை. "நாமளா சட்டம் போட்டோம்?" என்று நான் சமாதானம் சொன்னேன். சமாதானம் சொல்வதில் நான் கெட்டிக்காரி. சலவைக்கடை அம்மா அதற்குப் பிறகு வரவே இல்லை.

அடுத்துப் பெரிய பிரதர் கைவைத்தது எங்கள் சீட்டில். சீட்டுக்குப் பதிலாக அச்சடித்த தாள். பெயர், பாவம், நடந்த இடம், நாள், சம்பந்தப்பட்டவர்கள், யாரிடம் மறைத்தீர்கள் என்று கட்டம் கட்டமாகப் போட்டிருந்தது. "கடவுளுக்கு மட்டும்தான்" என்று உறுதி சொன்னார். நான் 'பொறாமை' என்று எழுதிவிட்டு மற்றக் கட்டங்களில் கோடு கிழித்தேன். சபையில் முக்கால்வாசிப் பேர் அப்படித்தான் ஒப்பேற்றியிருப்பார்கள் என்று நினைத்தேன். என் வீட்டுக்காரருக்குக் கட்டத்தைக் கண்டால் கை சும்மா இருக்குமா? ஆஸ்பத்திரிப் பெயர், வார்டு, தேதி, பெற்றவளுக்குக் கல்யாணம் ஆகாதது, பாப்பாவின் முழுப் பெயர் எல்லாவற்றையும் ஒழுங்கான கையெழுத்தில் நிரப்பிக் கொடுத்துவிட்டு வந்தார். அந்தச் சனிக்கிழமை மொட்டைமாடியில் நெருப்பு மூட்டவில்லை. எரிக்கிற வழக்கம் வேதத்தில் இல்லையாம். தாள்கள் எல்லாம் பெரிய பிரதர் அறையிலிருந்த இரும்பு அலமாரிக்குள் போயின.

அதற்குப் பிறகு ஹாலில் யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை. ஆராதனை முடிந்ததும் செருப்பை மாட்டிக்கொண்டு விறுவிறுவென்று இறங்கினார்கள். எழுதிக் கொடுத்தது என்னவென்று ஒவ்வொருவருக்கும் தெரியும், அலமாரிச் சாவி யாரிடம் இருக்கிறது என்றும் தெரியும்.

ஒரு புதன்கிழமை மத்தியானம் என் வீட்டுக்காரர் வேலையிலிருந்து பாதியில் வந்துவிட்டார். கருவிப் பையைக்கூட இறக்காமல் அடுப்படியில் வந்து நின்றார். பெரிய பிரதர் கூப்பிட்டனுப்பியிருக்கிறார். அவரே நிரந்தரப் போதகர், நாற்பது விதியும் சபையின் நிரந்தரச் சட்டம் என்று ஒரு தீர்மானம். மூன்று மூப்பரும் கையெழுத்துப் போட்டால்தான் செல்லும். இரண்டு பேர் போட்டாகிவிட்டது.

"நான் விதிகளை இன்னொரு தடவை படிச்சுப் பார்க்கறேன்னு சொன்னேன். உடனே என் தாளை எடுத்து மேசைமேல வெச்சார். ஞாயித்துக்கிழமை கையெழுத்துப் போட்டா எரிச்சிடுவாராம். போடலைன்னா சபை நடுவுல படிப்பாராம். மறைச்ச பாவத்தை வெளிச்சத்துக்குக் கொண்டுவரணுமாம்."

என்ன சொன்னேன் என்பதை மறைக்காமல் எழுதுகிறேன். "போட்டுத் தொலைங்க. ஒரு கையெழுத்துதானே? அப்புறம் நாம வேற சபைக்குப் போயிக்கலாம்."

"இருபத்தேழாவது விதி ஞாபகம் இருக்கா? முறைதவறிப் பொறந்த பிள்ளை மேடைப் பக்கமே வரக் கூடாது. நான் கையெழுத்துப் போட்டா பாப்பா எப்பவும்போல வாசிக்கலாமாம், அவர் கண்டுக்கமாட்டாராம். கடவுள் போட்ட சட்டம்னா என் கையெழுத்துக்கு ஏன் வளையுது?"

"அதெல்லாம் எனக்குத் தெரியாது. என் பிள்ளை அந்த ஹால்ல உக்காந்து அதைக் கேக்கக் கூடாது."

அவர் பையை மெல்லக் கீழே வைத்தார். "வாசல் சாவியை என்கிட்ட எதுக்குக் கொடுத்தாங்க? ஓநாய் வந்தா தடுக்கத்தானே? நான் ஆட்டை வெளிய தள்ளிட்டு ஓநாய்க்கு நாற்காலி எடுத்துப் போட்டிருக்கேன்." சொல்லிவிட்டுச் சுவரைப் பார்த்துக்கொண்டு அழுதார். எனக்கு அவர்மேல் இரக்கம் வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. கட்டத்தைப் பார்த்ததும் எழுதிய அந்தக் கையை அம்மியில் வைத்து நசுக்கலாம் போலிருந்தது.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் பெரிய பிரதர் வீட்டுக்கே வந்துவிட்டார், குடும்பச் சந்திப்பாம். சோபாவின் ஓரத்தில் சட்டை மடிப்புக் கலையாமல் உட்கார்ந்து டீ குடித்தார். பாப்பா எதிரே தரையில் உட்கார்ந்து பாட்டு நோட்டில் ஏதோ குறித்துக்கொண்டிருந்தாள். அவளைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே கேட்டார்: "பாப்பா, நீ எந்த ஆஸ்பத்திரியிலம்மா பொறந்தே?"

"தெரியலையே அங்கிள். அம்மா, எந்த ஆஸ்பத்திரி?"

நான் பிஸ்கட் தட்டை எடுத்துப் பெரிய பிரதர் பக்கம் நகர்த்தினேன். அவள் என்னை நிமிர்ந்து பார்த்தபடியே இருந்தாள். வாசற்படியில் நின்றுகொண்டிருந்த என் வீட்டுக்காரர்தான், "கவர்ன்மென்ட் ஆஸ்பத்திரி" என்றார். "அப்பாவுக்கு நல்ல ஞாபகசக்தி" என்று சொல்லிவிட்டுப் பெரிய பிரதர் டம்ளரைக் கீழே வைத்தார், ஜெபம் பண்ணினார், போனார். ஒருத்தன் வீட்டுக்குள்ளேயே வந்து, பிள்ளையின் எதிரிலேயே கத்தியைக் காட்டிவிட்டுப் போகிறான். பிள்ளை அவனுக்கு டாட்டா காட்டுகிறது.

மறுநாள் காலை பாப்பா சாப்பாட்டு மேசையில் படித்துக்கொண்டிருந்தபோது என் வீட்டுக்காரர் எதிரே போய் உட்கார்ந்தார். நான் இந்தத் தடவை காலை மிதிக்கவில்லை. பக்கத்தில் நின்றேன். அவர் சுற்றி வளைக்கவில்லை. பதினோரு நாள், ஆஸ்பத்திரி, பெற்றவள், தத்துப் பத்திரம் என்று லிஃப்ட் தாளை வாசிப்பதுபோல வரிசையாகச் சொன்னார். பிறகு அந்த அச்சடித்த தாளைப் பற்றியும் நாளை நடக்கப்போவதைப் பற்றியும் சொன்னார்.

அழுவாள், கத்துவாள் என்று நினைத்தேன். அவள் பேனா மூடியைத் திருகித் திருகி மூடினாள்.

"அந்தத் தாள்ல என் பேரு எழுதியிருக்கா?"

"இருக்கும்மா."

"அவர் படிச்சிட்டாரா?"

"படிச்சிட்டார்."

"அப்போ நேத்து என்னைக் கேட்டப்ப அவருக்குத் தெரியும். எனக்குத் தெரியாது."

அவள் புத்தகத்தை எடுத்துக்கொண்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அன்று முழுக்கத் திறக்கவில்லை. தட்டை வாசலில் வைத்தேன், அது அப்படியே இருந்தது. ஞாயிற்றுக்கிழமை காலை கதவுக்கு வெளியே நின்று கூப்பிட்டபோது உள்ளேயிருந்து, "நீங்க போங்க" என்று மட்டும் குரல் வந்தது. அவளைத் தனியாக விட்டுவிட்டு அந்தப் படிகளில் ஏறியபோது, வீட்டுக்குத் திரும்பிப் போகும்போது அவள் இருப்பாளா என்ற ஒரே பயம்தான் எனக்கு.

ஹால் நிறைந்திருந்தது. கீபோர்டு முன்னால் நாற்காலி மட்டும் காலி. இரண்டு பாட்டு முடிந்ததும் பெரிய பிரதர் தீர்மானத்தைத் தூக்கிப் பிடித்தார். "நம்ம மூணாவது மூப்பர் வந்து கையெழுத்துப் போடுவார்."

அவர் நடந்து போன விதத்தைப் பார்த்தவர்கள் விழுந்துவிடுவார் என்றுதான் நினைத்திருப்பார்கள். மேடையில் போய் நின்று ஏதோ சொன்னார். ஒருவருக்கும் கேட்கவில்லை. பின்னாலிருந்து யாரோ, "சத்தமாச் சொல்லுங்க" என்றார்கள்.

"நான் போடலைன்னு சொன்னேன்" என்றார்.

பெரிய பிரதர் வருத்தப்படுகிறவர் போலத் தலையை அசைத்துவிட்டு, கோப்பிலிருந்து அந்தத் தாளை எடுத்தார். கட்டம் கட்டமாக வாசித்தார். வார்டு எண்ணைக்கூட விடவில்லை. என் பிள்ளையின் பிறப்பை அந்த மெதுவான குரல் வாசித்து முடிக்கிற வரைக்கும் நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நாற்பது குடும்பத்தின் கண்களும் அந்தக் காலி நாற்காலியின் பக்கம் திரும்பியதை நிமிராமலே உணர்ந்தேன்.

"வாசிச்சதெல்லாம் சரிதான்" என்றார் என் வீட்டுக்காரர். "நேத்து அவகிட்டயும் சொல்லிட்டேன். அவ எங்களுக்குப் பொறக்கலை. எடுத்து வளர்த்தோம். இங்க இருக்கறவங்கள்ல கடவுளுக்குப் பிறப்பாலயே பாத்தியதைப்பட்டவங்க யாராவது இருக்கீங்களா? நம்ம எல்லாரையும் அவர் எடுத்துத்தானே வளர்க்கறார்? பாப்பா வெளிய நிக்கணும்னா நாம மொத்தப் பேரும் வெளிய நிக்கணும்." மூச்சு வாங்கினார். "எனக்குத் தெரிஞ்சது லிஃப்ட் ஒண்ணுதான். உள்ள நிக்கறவன் குதிக்கறதால லிஃப்ட் மேல போறதில்ல. மேலேருந்து கம்பி தூக்குது. இவர் நம்மளை நாற்பது தரம் குதிக்கச் சொல்றார். சலவைக்கடை அம்மாவுக்குக் கால் ஒடிஞ்சதுதான் மிச்சம். ஒடிச்சவன் நான்."

பிறகு மருந்துக்கடைக்காரர் எழுந்தார். "என் தாளையும் படிச்சிடுங்க பிரதர். அதுக்குப் பயந்துதான் நான் கையெழுத்துப் போட்டேன். அதை வாபஸ் வாங்கிக்கறேன்." பெண்கள் பக்கத்திலிருந்து ஒரு அம்மா, "என்னோடதையும்" என்றார். அப்புறம் இன்னொருவர். படிப்பேன் என்று சொல்லிப் பயமுறுத்தலாம், படி என்று சொல்லிவிட்டால் கையில் என்ன மிச்சம்? அந்த மனிதர் உதட்டை நாக்கால் நனைத்துக்கொண்டதை அன்றுதான் முதல்முறை பார்த்தேன்.

இரண்டு வாரத்தில் அவர் போய்விட்டார். சும்மா போகவில்லை, கணக்கு வாத்தியாரோடு பதினோரு குடும்பங்களையும் அழைத்துக்கொண்டு போனார். இரண்டு தெரு தள்ளி இன்னொரு ஹால் பிடித்திருக்கிறாராம், விதிகள் நாற்பத்துமூன்று ஆகிவிட்டனவாம். எங்கள் ஹாலில் இப்போது மழை பெய்தால் நாற்காலி இழுக்க வேண்டியதில்லை, நடுவிலேயே இடம் இருக்கிறது. அலமாரியிலிருந்த தாள்களை என் வீட்டுக்காரர் படிக்காமல் மொட்டைமாடியில் எரித்தார். சலவைக்கடைக்குப் போய் மன்னிப்புக் கேட்டார். அந்த அம்மா இஸ்திரிப் பெட்டியைக் கீழே வைக்காமலே, "ஞாயித்துக்கிழமை துணி வந்தா நான் லேட்டாத்தான் வருவேன்" என்றாராம். "வாங்கம்மா, கதவு திறந்திருக்கும்" என்று சொல்லிவிட்டு வந்தார்.

சபை பிழைத்தது. வீடு பிழைக்குமா என்று தெரியவில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை நாங்கள் திரும்பியபோது பாப்பா அறைக்குள்தான் இருந்தாள். மறுநாளிலிருந்து பள்ளிக்குப் போனாள், வந்தாள், கேட்டதற்குப் பதில் சொன்னாள். அவரை அப்பா என்று மட்டும் கூப்பிடவில்லை. கூப்பிட வேண்டிய இடம் வந்தால், கூப்பிடாமலே வாக்கியத்தை முடித்துக்கொள்வாள். என்னையும் அப்படித்தான். சாயங்காலம் நாலரைக்கு அவள் செருப்புச் சத்தம் கேட்கிற வரை நான் ஜன்னலை விட்டு நகரமாட்டேன். அவர் வேலையிடத்திலிருந்து போன் பண்ணி, "வந்துட்டாளா?" என்பார். நாற்பது நாளுக்கு மேல் அப்படியே போயிற்று.

ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டிருந்தவள் தலையைத் தூக்காமல் சொன்னாள்: "நான் அந்த ஆஸ்பத்திரிக்குப் போகணும். என்னைப் பெத்தவங்களைப் பத்தி ஏதாவது எழுதி வெச்சிருக்காங்களான்னு பார்க்கணும்."

பெற்றவள் கிடைத்துவிட்டால்? அவளைப் பார்த்ததும் இவள் அங்கேயே நின்றுவிட்டால்? பரீட்சை முடியட்டும் என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவர், "நாளைக்கு லீவு போடறேன்" என்றார். சோற்றைப் பிசைந்த அவர் கை தட்டிலேயே நின்றுவிட்டது, வாய்க்குப் போகவில்லை.

பஸ்ஸில் ஐந்து மணி நேரம். நானும் பாப்பாவும் ஒரு சீட்டில், அவர் பின் சீட்டில். ஆஸ்பத்திரியில் பழைய பதிவேடுகள் பார்க்கிற ஜன்னலுக்கு முன்னால் நீளமான வரிசை. எங்கள் முறை வந்தபோது உள்ளே இருந்த குமாஸ்தா விஷயத்தைக் கேட்டுக்கொண்டு, மூக்குக் கண்ணாடிக்கு மேலாக என் வீட்டுக்காரரைப் பார்த்தார்.

"தத்துக் கொடுத்த விவரமெல்லாம் எல்லாருக்கும் சொல்லமாட்டோம். நீங்க இந்தப் பொண்ணுக்கு யாரு?"

சபை முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்க மேடையில் நின்று பேசிய மனிதர், அந்தச் சின்ன ஜன்னலுக்கு முன்னால் வாயைத் திறந்தார், மூடினார். பாப்பாவின் பக்கம் திரும்பினார். நான் இதுவரை அவரை எத்தனையோ பயத்தில் பார்த்திருக்கிறேன், அந்தப் பயத்தைப் பார்த்ததில்லை. குமாஸ்தா, "சொல்லுங்க சார், பின்னால ஆள் நிக்கறாங்க" என்றார்.

பாப்பா அவரைப் பார்த்தாள். பிறகு அவருக்கும் ஜன்னலுக்கும் நடுவில் புகுந்து, கம்பியைப் பிடித்துக் குனிந்தாள்.

"எங்க அப்பா சார்" என்றாள். "அவர் கொஞ்சம் பயப்படுவார். என்கிட்ட கேளுங்க."